பூண்டிக்கு மேற்கே எத்தனை மைல்

காலை ஆறு மணி பத்து நிமிஷம். கதவைத் திறந்ததும் முதலில் கண்ணில் பட்டது எங்கள் சைக்கிளின் முன்சக்கரம். அதன் ஆக்ஸில் பக்கத்தில் மாட்டியிருந்த மைல் மீட்டர் மேல் பச்சைச் சாணி அப்பியிருந்தது. எண்கள் தெரிகிற சின்ன ஜன்னல் முழுக்க மூடிவிட்டது. குனிந்து பார்த்தேன். சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றினால் மீட்டரைத் தட்டிவிடும் சிறு முள் ஒன்று கம்பியில் இருக்கும். அதை யாரோ உட்பக்கமாக வளைத்திருந்தார்கள். சாணியில் நான்கு விரல்களின் தடம் இருந்தது.

வீட்டுக்காரர் பத்தடி தள்ளி ஒரு கல்லின் மேல் கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் பார்ப்பதை அவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ராத்திரி மாடு உரசியிருக்கும்ங்க" என்றார். நான் எதுவும் கேட்டிருக்கவில்லை.

மாடுகள் இரண்டும் வீட்டுக்குப் பின்னால் படல் போட்ட தொழுவத்தில் இருந்தன. படலின் கட்டு அவிழவில்லை. மாட்டுக்கு விரலும் கிடையாது. மூன்றையும் நேரம் போட்டு நோட்டுப் புத்தகத்தில் எழுதினேன். நான் எழுதத் தொடங்கியதும் அவர் எழுந்து உள்ளே போய்விட்டார்.

யுத்தம் தொடங்குவதற்கு இரண்டு வருஷம் முந்தைய தை மாதம் அது. ஊர், மேல்மலையிலிருக்கும் பூண்டி. நான் மதுரையில் ஒரு தினப்பத்திரிகையில் உதவி ஆசிரியன். என்னோடு வந்திருந்த நண்பர் அதே தெருவில் சைக்கிள் கடை வைத்திருந்தவர். சித்திரையில் இரண்டு பேரும் ஒரு நெடும்பயணம் போவதாகத் திட்டம். மதுரையிலிருந்து வத்தலக்குண்டு, அங்கிருந்து காட் ரோட்டில் கொடைக்கானல், பூம்பாறை, மன்னவனூர், பூண்டி. பிறகு மலையின் முதுகைத் தாண்டித் திருவிதாங்கூர் எல்லைக்குள் இறங்கி மூணாறு. மூணாறிலிருந்து போடி மெட்டுக் கணவாய் வழியாக இறங்கி மறுபடி மதுரை. முழுக்கச் சைக்கிளில். ஆறு கட்டுரை தருவதாக ஆசிரியரிடம் ஒப்புக்கொண்டு அதற்காக லீவும் வாங்கிவிட்டேன்.

திட்டத்தில் ஓட்டை ஒரே ஒரு இடத்தில்தான் இருந்தது. பூண்டிக்கும் எல்லைக்கும் நடுவில் சர்வே படத்தில் வெறும் புள்ளிக்கோடு. அது எத்தனை மைல், சைக்கிளைத் தள்ளிக்கொண்டாவது போக முடியுமா என்று மதுரையில் யாருக்கும் தெரியவில்லை. அதைப் பார்த்துவரத்தான் ஒரே ஒரு சைக்கிளோடு முன்கூட்டியே வந்திருந்தோம். அந்த எண் கிடைத்தால் பயணம் உண்டு. கிடைக்காவிட்டால் கொடைக்கானலோடு திரும்ப வேண்டியதுதான்.

பூண்டி வீட்டுக்காரருக்கோ அந்த எண் எந்தக் காகிதத்திலும் ஏறக்கூடாது. காரணம் எனக்கு அன்று ஒன்பது மணிக்குத் தெரிந்தது. வாசகரை ஒன்பது மணிவரை காக்கவைக்க வேண்டியதில்லை. மேற்கே போகும் வழியில், காட்டிலாகாவின் எல்லைக்கல்லுக்கு அந்தப் பக்கம், அவருக்கு ஒரு துண்டு நிலம் இருந்தது. ஊருக்கு வேண்டிய விதைப்பூண்டில் பாதி அதில்தான் விளைந்துகொண்டிருந்தது. பிடுங்க இன்னும் பதினைந்து நாள் பாக்கி.

சந்தேகம் பூண்டியில் தொடங்கவில்லை. மூன்று நாள் முன்னால் கொடைக்கானல் பஜாரிலேயே தொடங்கிவிட்டது. எனக்குத்தான் அப்போது அது சரியாகப் பிடிபடவில்லை.

பஜாரில் பூண்டு மண்டி வைத்திருந்த ராவுத்தர் ஒருவருக்குப் பன்னிரண்டு மட்டக்குதிரைகள் இருந்தன. மேல்மலை ஊர்களிலிருந்து பூண்டு மூட்டை ஏற்றி வருவதும், உப்பும் மண்ணெண்ணெயும் ஏற்றி அனுப்புவதும் அவர்தான். வழி கேட்பதென்றால் அவரிடம்தான் கேட்க வேண்டும் என்று எல்லாரும் சொன்னார்கள்.

"எங்கிட்டுப் போறீங்க தம்பி?"

நண்பர் திட்டத்தைச் சொன்னார்.

"இம்புட்டும் சைக்கிள்லயா?"

"சைக்கிள்லதான்."

"பஸ்ஸுல போனா ஆகாதுன்னு டாக்டர் எதும் சொல்லியிருக்காரா?"

கடையிலிருந்தவர்கள் சிரித்தார்கள். ராவுத்தர் நல்ல மனநிலையில் இருந்தார். மன்னவனூருக்கு அந்தப் பக்கம் எங்கே சேறு, எங்கே ஓடை, எந்த ஏற்றத்தில் குதிரையே நின்று மூச்சு வாங்கும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். நான் எழுதிக்கொண்டேன். அப்போது யாரோ சைக்கிளை நகர்த்தினார்கள்.

"அது என்ன, சக்கரத்துல டிக்கு டிக்குன்னு?"

நண்பருக்கு அந்த மீட்டரைப் பற்றிக் கேட்டால் போதும். முன்பக்கத்தைத் தூக்கிச் சக்கரத்தைச் சுழற்றிக் காட்டினார். "எத்தனை மைல் உருண்டாலும் இதுல ஏறிரும் ராவுத்தரே. மனுசன் பொய் சொல்லுவான். இது சொல்லாது."

ராவுத்தர் தராசிலிருந்து கையை எடுத்துவிட்டார். "யாரு அளக்கச் சொன்னது?"

"யாரும் சொல்லலை. எங்களுக்காகத்தான்."

"நம்மளே அளந்து நம்மளே வச்சுக்கிட்டு என்ன செய்யப் போறோம்?"

"பத்திரிகையில் போடுவோம்" என்றேன் நான்.

"கவர்மெண்டுல அந்தப் பேப்பரப் படிப்பாங்களா?"

"எல்லாரும் படிப்பார்கள்" என்றேன். கொஞ்சம் பெருமையோடுதான் சொன்னேன்.

அதன்பிறகு அவர் வழியைப் பற்றிப் பேசவில்லை. எங்களுக்கு மேலதிகாரி யார், எந்த ஆபீஸ், எந்த ஊர் தாலுகா என்று ஒரே கேள்வியை மூன்று விதமாகக் கேட்டார். நாங்கள் கிளம்பி டீக்கடையில் நின்றபோது அவருடைய குதிரைகளில் இரண்டு மேற்கே போயின. முதுகில் பாரம் இல்லை. மேல்மலைக் குதிரைகள் வெள்ளனே கிளம்பிவிடும் என்று அவரே அரைமணி முன்னால் சொல்லியிருந்தார். அப்போது மணி பதினொன்று ஐந்து.

அடுத்த இரண்டு நாளும் எங்களுக்கு முன்னால் ஏதோ ஒன்று போய்க்கொண்டே இருந்தது போலிருந்தது. பூம்பாறையில் பூண்டிக்கு எத்தனை மைல் என்று கேட்டோம். ஒருவர் நாலு என்றார். அவர் தோளோடு தோள் நின்றவர் பதினாறு என்றார். நாலு என்றவர் அதை மறுக்கவில்லை. மன்னவனூர் ஓடைக்கரையில் கேரட் கழுவிக்கொண்டிருந்த ஐந்தாறு பேர் எங்களைக் கண்டதும் பேச்சை நிறுத்தினார்கள். என் முகத்தை யாரும் பார்க்கவில்லை. எல்லார் கண்ணும் முன்சக்கரத்தில் இருந்தது. அந்த அமைதியில் மீட்டரின் டிக், டிக் மட்டும் கேட்டது. தாண்டி ஐம்பது கஜம் போனபிறகு பின்னால் ஒரு குரல், "ஏலே, எழுதிட்டே போறான்லே" என்றது.

பத்திரிகைக்காரன் புத்தி எங்கே போகுமோ அங்கே என் புத்தியும் போயிற்று. இவர்கள் மேற்கே எதையோ ஒளிக்கிறார்கள். காட்டுக்குள் கஞ்சா போட்டிருக்க வேண்டும். எல்லை தாண்டிக் கடத்துகிறார்கள், அதற்குத்தான் ராவுத்தரின் குதிரைகள். ஆறு கட்டுரை ஏழாகும் என்று கணக்குப் போட்டேன். நண்பரிடம் சொன்னபோது, "நமக்கு வழி கேட்டு வந்த சோலியா, போலீஸ் சோலியா?" என்று கேட்டார். நான் அதற்குள் தலைப்பைக்கூட யோசித்து வைத்திருந்தேன்.

பூண்டியில் எங்களைத் தங்கவைத்தவரை நாங்கள் தேடிப் போகவில்லை. பொழுது சாய்வதற்குள் ஊருக்குள் நுழைந்தோம். வாசலிலேயே நின்றிருந்த அவர் "வாங்க, நம்ம வீட்டுல தங்கிக்கிடலாம்" என்றார். நாற்பது வயதிருக்கும். களியும் பூண்டுக் குழம்பும் போட்டார்கள். குளிக்க வெந்நீர் வைத்தார்கள். படுக்கக் கொடுத்த அறையில் பரண் நிறையப் பூண்டுக் கட்டு தொங்கியது. மரியாதைக்குக் குறைவில்லை. ஆனால் நான் கைகழுவ எழுந்தால் ஒருவர் கூடவே எழுந்தார். சைக்கிளுக்குப் பக்கத்தில் ஒருவர் நின்றார்.

"நாளைக்கு மேற்குப் பாதையைப் பார்க்கணும்" என்றேன்.

"அங்கிட்டுப் பாதையே இல்லைங்க."

"படத்தில் புள்ளிக்கோடு இருக்கிறதே."

"படத்துல இருக்கும். காட்டுல இல்ல."

"ஆடு மாடு போகிற தடம்கூடவா இல்லை?"

"காட்டெருமை கெடக்குங்க. நாலு நாளா அங்கனதான் கெடக்கு. மனுசரப் பார்த்தா வெரசா வந்துரும்."

சாயங்காலம் ஊர் எல்லைவரை நடந்துபோனபோதே மேற்குத் தடத்தில் குதிரைச் சாணம் கிடந்ததைப் பார்த்திருந்தேன். காயாத சாணம். அதை அவரிடம் சொல்லவில்லை. நோட்டில் மட்டும் எழுதினேன். மறுநாள் காலையில்தான் மீட்டருக்கும் சாணி விழுந்தது.

நண்பரை எழுப்பிக் காட்டினேன். கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தார். "திருஷ்டி கழிச்சிருப்பாங்கய்யா" என்றார். முள்ளைப் பார்த்ததும்தான் சிரிப்பு நின்றது. "இது கையால வளைச்சது. சைக்கிளைத் தெரிஞ்சவன் இல்லை. தெரிஞ்சவனா இருந்தா மீட்டரையே கழட்டியிருப்பான்."

எட்டேகாலுக்குச் சைக்கிளை அங்கேயே விட்டுவிட்டு, காட்டெருமை பார்க்கப் போகிறோம் என்று கிளம்பினோம். வீட்டுக்காரர் தடுக்கவில்லை. கம்பளியை உதறிப் போட்டுக்கொண்டு கூடவே வந்தார். தடம் நன்றாகவே இருந்தது. இரண்டு பேர் தாராளமாக நடக்கலாம். முக்கால் மணி நேரம் போனதும் தடத்தோரம் ஒரு குவியல் தென்பட்டது. காட்டுப் பெரணியை அறுத்துக் குவித்திருந்தார்கள். இலை வாடக்கூட இல்லை. காலால் தள்ளினேன். உள்ளே எல்லைக்கல். எண் வெட்டிய, சுண்ணாம்பு பூசிய கல்.

அவர் எனக்கு முன்னால் வந்து நின்றார்.

"இதுக்கு மேல போக வேண்டாம்ங்க."

நான் போனேன். கஞ்சாவை நெருங்கிவிட்டதாக நினைத்தேன். முதலில் வந்தது வாசனை. அது நான் எதிர்பார்த்த வாசனை அல்ல. இரண்டு சரிவுக்கு நடுவே ஈரமான ஒரு பள்ளம். அரை ஏக்கர்கூட இருக்காது. முழுக்கப் பூண்டு. தாளின் நுனி மட்டும் மஞ்சளாகத் தொடங்கியிருந்தது. அவ்வளவுதான். என் ஏழாவது கட்டுரை அந்த வரப்பிலேயே முடிந்துபோயிற்று.

"இதைத்தானா அண்ணே மறைச்சீங்க?" என்றார் நண்பர்.

அவர் வரப்பில் உட்கார்ந்தார். "விதைங்க இது. ஊருல எங்க போட்டாலும் பனியில பாதி போயிருது. இங்கன போயிறதில்ல. இந்தப் பள்ளத்துப் பூண்டுதான் ஊருல பாதிப்பேருக்கு அடுத்த போகத்துக்கு விதை."

பிறகு அவர் சொன்னதை அவர் சொன்ன வரிசையிலேயே எழுதுகிறேன். அவர் சிறுபையனாக இருந்தபோது ஊருக்கு ஒரு சர்வேக்காரர் வந்தாராம். கையில் நீளப் பிடி, பிடியின் நுனியில் ஒரே ஒரு சக்கரம். தள்ளிக்கொண்டே நடந்தார். சக்கரம் டிக், டிக் என்றது. சக்கரத்துக்கு மேலே ஒரு வட்டத்தில் எண்கள். ஊரார் அவருக்குப் பால் காய்ச்சிக் கொடுத்தார்கள். சேற்றிலும் ஓடையிலும் சக்கரம் மாட்டிக்கொண்டபோது வீட்டுக்காரரின் அப்பாதான் தூக்கிவிட்டு உதவினார். அடுத்த வருஷம் கல் வந்தது. கல்லுக்கு அந்தப் பக்கம் போன நிலத்தில் இந்தப் பள்ளமும் ஒன்று.

"ரெண்டு வருசம் சும்மா போட்டோம். அப்புறம் ஒருத்தரும் வரலைன்னு மறுபடி போட்டோம். பாரஸ்ட் கார்டு இம்புட்டுத் தூரம் ஏற மாட்டாரு. கணக்குல இந்தத் தடமே கிடையாது. தடம் இல்லாத எடத்துக்கு யாரு வருவா? இப்ப நீங்க டிக்கு டிக்குன்னு தள்ளிட்டு வர்றீங்க. ஒத்தச் சக்கரம் ரெட்டைச் சக்கரமாயிருச்சு, அம்புட்டுத்தானேங்க?"

அது சர்வே சக்கரமல்ல, கடையில் விற்கிற சாமான், விளையாட்டுக்கு மாட்டியது என்று நண்பர் விளக்கினார். கேட்டுக்கொண்டார்.

"அளக்குதா இல்லையா?"

"அளக்குது."

"எழுதுறாரா இல்லையா?"

நண்பர் என்னைப் பார்த்தார்.

"அந்தப் புத்தகத்துல என்ன இருக்குன்னு வாசிங்க" என்றார் வீட்டுக்காரர். அவருக்குப் படிக்கத் தெரியாது. நான் விரும்பினால் எதையும் மாற்றி வாசித்திருக்கலாம். அவருக்கும் அது தெரிந்திருந்தது. நான் வாசிக்கும்போது நோட்டைப் பார்க்காமல் என் வாயையே பார்த்தார். கொடைக்கானலில் தொடங்கினேன். பதினொன்று ஐந்து, பாரமில்லாத இரண்டு குதிரை. நாலு மைல், பதினாறு மைல். காலை ஆறு பத்து, மீட்டரில் சாணி, நான்கு விரல்.

அந்த இடத்தில் அவர் தன் வலது கையைத் திருப்பிப் பார்த்தார்.

"கட்டைவிரலு கம்பியப் பிடிச்சிருந்துச்சுங்க" என்றார்.

நண்பர் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். அவரும் சிரித்தார். ஆனால் சிரித்து முடிந்ததும், "அதக் கிழிச்சிருங்க" என்றார். நான் கிழிக்கவில்லை. கிழிப்பது எனக்குப் பழக்கமில்லை. இந்த வழியின் தூரத்தையும் இந்தப் பள்ளத்தையும் பத்திரிகையில் எழுத மாட்டேன் என்று சொன்னேன். எங்களுக்கு வேண்டியது சைக்கிள் போகுமா போகாதா என்பது மட்டும்தான், எண் தேவையில்லை என்றேன். இதில் இரண்டாவது பொய். எண் எனக்கு வேண்டியிருந்தது.

அவர் வரப்பிலிருந்து எழுந்தார். பிறகு ஒரு ஏற்பாடு சொன்னார். சைக்கிளைத் திருவிதாங்கூர் எல்லைவரை கொண்டுபோகலாம், அவரே வழிகாட்டுவார். ஆனால் முன்சக்கரம் தரையில் படக்கூடாது.

"மீட்டரைக் கழட்டிடுறோம் அண்ணே" என்றார் நண்பர்.

"கழட்டுனாலும் சக்கரம் அதேதானங்க."

திரும்பி வீட்டுக்கு வந்து, நண்பர் ஸ்பானரை எடுத்து முன்சக்கரத்தையே கழற்றினார். வீட்டுக்காரர் அதை மாலை மாதிரி தோளில் மாட்டிக்கொண்டார். சாணியும் மீட்டரும் அவர் விலாவில் இடித்துக்கொண்டே வந்தன. நண்பர் ஃபோர்க்கைத் தூக்கிப் பிடித்துப் பின்சக்கரத்தில் சைக்கிளை உருட்டினார். கொஞ்சதூரம் போனதும் வீட்டுக்காரர் நின்றார்.

"பின்சக்கரம் எண்ணாதா?"

"முன்சக்கரம்தான் அண்ணே படிச்சது. பின்னது கைநாட்டு."

அவர் பின்சக்கரத்தருகே குனிந்து காது வைத்துக் கேட்டார். சத்தம் இல்லை என்று உறுதி செய்துகொண்ட பிறகுதான் நடந்தார்.

எல்லைக்கல்லைத் தாண்டினோம். பள்ளத்தின் வரப்பில் சைக்கிளை நண்பர் முழுசாகத் தூக்கிக்கொண்டார். அதன்பிறகு சோலைக்காடு. வேர்கள், கொஞ்சம் சேறு, இரண்டு ஓடை. மீதிப் பாதை புல்வெளி. அதில் சைக்கிளில் ஏறியே போகலாம். காட்டெருமை ஒன்றும் இல்லை. மலையின் முதுகை அடைந்தபோது மேற்கே கீழே படிப்படியான வயல்களும் புகையும் தெரிந்தன. திருவிதாங்கூர். அங்கிருந்து மூணாறுக்குக் குதிரைப்பாதை உண்டு என்று எங்களுக்குத் தெரியும். பயணம் சாத்தியம்தான்.

வீட்டுக்காரர் நீர் பிரியும் மேட்டைத் தாண்டி நாலடி இறங்கி, சக்கரத்தை அங்கே புல்லில் வைத்தார்.

"இங்கிட்டு என்னமும் அளந்துக்கங்க. இது வேற ராஜா."

திரும்பி வரும்போதும் அவரேதான் சுமந்தார். இறக்கி வைக்கவும் மாட்டேன் என்றார், நண்பர் கேட்டபோது கொடுக்கவும் மாட்டேன் என்றார். வழியில் நான் கடிகாரத்தை எடுத்துப் பார்த்தேன். அவர் உடனே, "அது எதுக்குங்க?" என்றார். மணி பார்த்தேன் என்றேன். "மணியிலயும் தூரம் இருக்குல்ல?" என்றார். கடிகாரத்தைப் பையில் போட்டேன். அவர் கவலைப்பட்டதில் தப்பில்லை. நடையின் நேரத்தை வைத்துத் தூரம் போடலாம் என்ற யோசனையோடுதான் அதை எடுத்திருந்தேன்.

மறுநாள் விடைபெறும்போது மறுபடி ஒருமுறை, எழுத மாட்டேன் என்றேன். "சரிங்க" என்றார். ஒரு கட்டு பூண்டு கொடுத்தார்.

சித்திரையில் பயணம் போனோம். இரண்டு சைக்கிளிலும் மீட்டர் மாட்டவில்லை. சொன்னபடி ஆறு கட்டுரை வந்தன. நாலாவதில், பூண்டிக்கு மேற்கே வழிகேட்டுப் போகவும் என்று ஒரு வரி மட்டும் இருந்தது. தூரம் ஏன் போடவில்லை என்று ஆசிரியர் கேட்டார். அளக்க முடியவில்லை என்றேன். அந்த வருஷமோ அதற்கடுத்த வருஷமோ அந்தத் தடத்துக்கு யாரும் அளக்க வந்ததாகத் தகவல் இல்லை. நான் அதன்பிறகு கொடைக்கானலில் இரண்டு முறை விசாரித்திருக்கிறேன்.

ஆனால் சித்திரையில் பூண்டிக்குப் போய்ச் சேர்ந்தபோது வீட்டுக்காரர் ஊரில் இல்லை. பூம்பாறை போயிருப்பதாக அவர் மனைவி சொன்னார். உட்காரச் சொல்லி மோர் கொடுத்தார். முன்பு நாங்கள் படுத்த அறை திறந்திருந்தது. பரணில் ஒரு பக்கம் காலியாக இருந்தது. மறுபக்கம் தொங்கிய கட்டுகளில் பூண்டு சுருங்கி, தொட்டால் நசுங்குகிற மாதிரி இருந்தது.

"பள்ளத்துப் பூண்டா?" என்று கேட்டேன்.

"ஆமாங்க."

"முத்தவில்லையே."

"நீங்க போன மூணாம் நாளே பிடுங்கிட்டாருங்க. பச்சையா."

"நான் எழுத மாட்டேன் என்று சொல்லியிருந்தேனே."

"சொன்னீங்கன்னு சொன்னாரு" என்றார் அந்த அம்மா. டம்ளரை வாங்கிக்கொண்டு உள்ளே போனார்.

மேற்கே போகும்போது பள்ளத்தைப் பார்த்தோம். வரப்பை வெட்டிச் சமமாக்கியிருந்தார்கள். புல் முளைத்திருந்தது. எல்லைக்கல்லின் மேல் பெரணி இல்லை.

அந்தப் போகத்துக்கு வேண்டிய விதைப்பூண்டைப் பூண்டி ஊரார் மன்னவனூரில் வாங்கினார்கள்.